செவிலியரின் கைத்திறனைச் செல்போன் கற்றுத் தருமா?

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புதுதில்லி: 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற சட்டங்களுள் இரண்டை ஒருசேர வைத்துப் படித்தவர்கள் குறைவு. ஒன்று, 1947-ஆம் ஆண்டின் இந்திய செவிலியர் குழுமச் சட்டத்தை அகற்றிவிட்டு, அதனிடத்தில் செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் கல்விக்கென தேசிய ஆணையம் ஒன்றை அமைக்க வகை செய்யும் சட்டம். மற்றொன்று, எண்ம வடிவிலான தனிநபர் தரவுகளைப் பாதுகாப்பதற்கான சட்டம். முன்னது, மணிப்பூர் பிரச்னையால் எழுந்த அமளிக்கிடையே ஜூலை 28-ஆம் தேதி மக்களவையிலும், ஆகஸ்ட் 8-ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. நாட்டின் மருத்துவமனைகளைத் தாங்கி நிற்கும் பல லட்சம் பெண்களின் கல்வியைப் பற்றிய அந்த மசோதா மீது நீண்ட விவாதம் நடைபெறவில்லை.

இவ்விரு சட்டங்களும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது பிரசவ அறையிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் பணியாற்றும் செவிலியரின் கையில் இருக்கும் செல்போன். ஊசி போடுவது, ரத்தநாளத்தில் குழாய் பொருத்துவது, அழாத சிசுவுக்குச் சுவாசம் கொடுப்பது, பிரசவத்துக்குப் பின் பெருகும் உதிரப்போக்கை நிறுத்துவது ஆகிய கைத்திறன்களைச் செல்போன் விடியோ மூலம் கற்பிக்கும் முயற்சிகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவிலும் பிற நாடுகளிலும் பெருகியுள்ளன. அவற்றால் விளைந்த நன்மை என்ன, அவற்றின் எல்லை எது, அந்த எல்லையை யார் வகுப்பது என்ற வினாக்கள் இன்னமும் அரசியல் அரங்குக்கு வந்து சேரவில்லை.

பிரசவம் இடம் மாறியது

இந்தப் பிரச்னையின் வேர் 2005-ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டு ஏப்ரலில் தொடங்கப்பட்ட ஜனனி சுரக்ஷா திட்டம், மருத்துவமனையில் குழந்தை பெற்றுக்கொள்ளும் ஏழைத் தாய்மாருக்கு ரொக்க உதவி வழங்கியது. 2005-06-இல் நடத்தப்பட்ட மூன்றாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் நிகழ்ந்த பிரசவங்களில் 38.7 சதவீதம் மட்டுமே மருத்துவ நிலையங்களில் நடந்தன. 2019-21-இல் நடந்த ஐந்தாவது ஆய்வில் அது 88.6 சதவீதமாக உயர்ந்தது. ஒன்றரை தலைமுறைகூட ஆகாத காலத்துக்குள் ஒரு பெரும் தேசத்தின் பிரசவம் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு இடம் மாறியது. உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 254 ஆக இருந்த தாய் இறப்பு (2004-06), 93 ஆகக் குறைந்தது (2019-21).

தாய்மார்கள் மருத்துவமனை வாசலுக்கு வந்துவிட்டனர். உள்ளே அவர்களை எதிர்கொள்வது யார்? உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் மத்தியப் பிரதேசத்திலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில், நள்ளிரவில் பிரசவம் பார்ப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர்; ஒரு செவிலியரோ, ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியரோதான். அவருடைய கைத்திறனே அந்த நேரத்தில் அரசின் சுகாதாரக் கொள்கை முழுவதும்.

பிறந்த சிசு அழவில்லை என்றால் செவிலியருக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு நிமிடம். அதற்குள் குழந்தையைத் துடைத்து, முதுகை வருடித் தூண்டி, தேவையானால் வாயையும் மூக்கையும் சுத்தம் செய்து, அப்போதும் மூச்சு வராவிட்டால் முகத்தில் பொருந்தும் சிறு மூடியை வைத்துக் காற்றுப்பையை அழுத்தத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை என்ற சீரில் அழுத்த வேண்டும். மூடியின் விளிம்பில் சிறு இடைவெளி இருந்தாலும் காற்று வெளியேறிவிடும், மார்பு எழும்பாது. தாய்க்கோ, குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி தசையில் போடப்பட வேண்டும். இவையெல்லாம் புத்தகத்தில் நான்கு வரிகள். ஆனால், நான்கு வரிகளைப் படித்த கைக்கு மூடியைப் பிடிக்கத் தெரிந்துவிடாது.

தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்த பாடம்

செவிலியர் கல்வியில் கைத்திறன் காலங்காலமாக ஒரே முறையில்தான் கற்பிக்கப்பட்டு வந்தது. ஆசிரியை செய்து காட்டுவார். மாணவி திரும்பச் செய்து காட்டுவார். பிறகு நோயாளியின் படுக்கையருகே மேற்பார்வையுடன் செய்து பழகுவார். நாட்டில் முதன்முதலாக 1946-இல் செவிலியர் பட்டப்படிப்பைத் தொடங்கிய தில்லி ராஜகுமாரி அம்ருத் கௌர் செவிலியர் கல்லூரியும், அதே ஆண்டில் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் செவிலியர் கல்லூரியும் இந்த வழியிலேயே பல தலைமுறைகளை உருவாக்கின. ஆசிரியைகள் போதிய அளவில் இருந்து, மாணவிகள் எண்ணிக்கை குறைவாக இருந்தால் இதைவிடச் சிறந்த முறை இல்லை.

கல்லூரிகள் பெருகியபோது இந்தச் சமன்பாடு குலைந்தது. ஒரு செயல்முறையைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றால் ஐந்தாவது மாணவிக்கு மேல் எவருக்கும் கை தெரியாது, தோள்தான் தெரியும். தவிரவும், பெரும் உதிரப்போக்கும் வலிப்பும் மாணவி பணிக்கு வரும் நாளாகப் பார்த்து நிகழ்வதில்லை. மூன்றாண்டு, நான்காண்டுப் படிப்பை முடித்தும் ஒரு முறைகூட அவற்றை நேரில் காணாமல் வெளியேறும் செவிலியர் உண்டு. அவர் முதன்முதலாகக் காணும் நெருக்கடியே அவர் தனியாகச் சமாளிக்க வேண்டிய நெருக்கடியாகவும் அமைந்துவிடக்கூடும்.

விடியோ நிரப்புவது இந்த இடைவெளியைத்தான். கேமரா கைக்கு அருகே செல்கிறது. நிறுத்தலாம், பின்னோக்கிச் சென்று மறுபடியும் பார்க்கலாம், அபூர்வமாக நிகழும் சிக்கலை எத்தனை முறை வேண்டுமானாலும் காணலாம். வகுப்பறைத் தொலைக்காட்சியில் இல்லாத ஒரு வசதி செல்போனில் உண்டு: பணிக்குச் செல்வதற்குச் சில நிமிடங்கள் முன்பு, மறந்துபோன ஒரு படியை மட்டும் நினைவுபடுத்திக்கொள்ள முடியும். தான் பொம்மையில் செய்து பழகியதைத் தானே படமெடுத்து, ஆசிரியையின் பதிவோடு ஒப்பிட்டு, தவறு எங்கே என்று கண்டறியவும் முடியும்.

செயற்கைக்கோளிலிருந்து சட்டைப்பைக்கு

படம் வழியாகச் செவிலியருக்குக் கற்பிக்கும் யோசனை புதிதன்று. இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1994-ஆம் ஆண்டிலேயே, பணியில் இருக்கும் செவிலியர்களுக்கான பட்டப்படிப்பைத் தொலைநிலையில் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி ஞான் தர்ஷன் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. ஆனால், செயற்கைக்கோளின் பாடம் குறித்த நேரத்தில், குறித்த மையத்தில்தான் கிடைத்தது. மாவட்டத் தலைநகர் வரை வந்த பாடம், இரவுப் பணி முடித்துக் கிராமத்துக்குத் திரும்பும் செவிலியரை எட்டவில்லை.

அந்தக் கடைசித் தொலைவைக் கடந்தது செல்போன். முதலில் வந்தது விடியோ அல்ல, குரல். 2012-இல் பிகாரில் பி.பி.சி. மீடியா ஆக்‌ஷன் அமைப்பின் உதவியுடன் தொடங்கிய 'மொபைல் அகாதெமி', 'ஆஷா' எனப்படும் கிராமப்புறச் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சாதாரண செல்போனிலேயே பாடம் சொன்னது. 11 அத்தியாயங்கள், 44 பாடங்கள், மொத்தம் 240 நிமிடங்கள். 'டாக்டர் அனிதா' என்ற கற்பனைப் பாத்திரத்தின் குரலில் அமைந்த அந்தப் பாடத்திட்டம் 2016 ஜனவரியில் மத்திய சுகாதாரத் துறையின் தேசியத் திட்டமாயிற்று. விலை குறைந்த கருவி, பழக்கமான மொழி, கேட்பவருக்குச் செலவில்லை என்ற மூன்று விதிகளை அத்திட்டம் கடைப்பிடித்தது. பின்னர் வந்த பல செயலிகள் இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றை மறந்துவிட்டதால்தான் தடுமாறின.

2016-க்குப் பிறகு இணையக் கட்டணம் சரிந்தது. ஸ்மார்ட்போன் பரவியது. டென்மார்க்கைச் சேர்ந்த மெடர்னிட்டி ஃபவுண்டேஷன், அந்நாட்டின் இரு பல்கலைக்கழகங்களுடன் இணைந்து உருவாக்கிய 'சேஃப் டெலிவரி' செயலி இந்தியாவுக்கு ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் வந்தது. உதிரப்போக்கு, சிசுவுக்கு உயிர்மூச்சு, கர்ப்பகால ரத்தக் கொதிப்பு உள்ளிட்ட நெருக்கடிகளை அசைவூட்டப் படங்களாக அது விளக்குகிறது. ஒரு முறை பதிவிறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் நலத் துறை, உலக சுகாதார அமைப்பின் ஒத்துழைப்பு மையம் என்ற முறையில், பிறந்த குழந்தைகளின் பராமரிப்புக்கான விடியோக்களையும் செயலிகளையும் தயாரித்து எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. 2020-ஆம் ஆண்டு கரோனா பொதுமுடக்கத்தில் கல்லூரிகள் மூடப்பட்டபோது, மத்திய அரசு 'திக்ஷா' தளத்தில் முன்களப் பணியாளர்களுக்கான பயிற்சியை அவசரமாகத் தொடங்கியது. பாதுகாப்பு உடையை எந்த வரிசையில் அணிவது, எந்த வரிசையில் கழற்றுவது என்பதைப் பெருவாரியான செவிலியர்கள் அன்று திரையில் பார்த்துத்தான் கற்றார்கள்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

'சேஃப் டெலிவரி' செயலியை எத்தியோப்பியாவின் 73 சுகாதார நிலையங்களில் சோதித்த ஆய்வு 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழந்தை மருத்துவ இதழில் வெளியானது. செயலி கொண்ட செல்போனைப் பெற்ற பணியாளர்களின் சிசு உயிர்ப்புத் திறன் ஓராண்டுக்குப் பின்னும் மற்றவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தது. சிசு மரணமும் குறைந்து காணப்பட்டது. ஆனால், புள்ளியியல் கணக்கில் உறுதி சொல்லும் அளவுக்கு அக்குறைவு அமையவில்லை. திறன் வளர்ந்தது நிச்சயம். உயிர் பிழைத்தது நிச்சயமில்லை என்பதே அந்த ஆய்வின் நேர்மையான சாரம்.

இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை இந்திய மண்ணிலேயே அளந்து காட்டியது, உத்தரப் பிரதேசத்தில் நடந்த மற்றொரு ஆய்வு. அது செல்போன் ஆய்வு அல்ல. பிரசவ அறையில் நேரடியாக வந்து வழிகாட்டும் பயிற்சியாளர்களைக் கொண்டு நடத்தப்பட்டது. 24 மாவட்டங்களில் 120 சுகாதார நிலையங்கள், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள். பயிற்சி தொடங்கிய இரண்டாவது மாதத்தில், செய்ய வேண்டிய 18 செயல்களில் 73 சதவீதத்தைப் பயிற்சி பெற்ற நிலையங்கள் செய்தன. பயிற்சி பெறாத நிலையங்களில் அது 42 சதவீதம். எட்டு மாதங்களில் பயிற்சியாளர்களின் வருகை முடிந்தது. பன்னிரண்டாவது மாதத்தில் பார்த்தபோது 73 சதவீதம் 62 ஆக இறங்கியிருந்தது. தாய்-சேய் மரணத்திலும் கடும் உடல்நலக் கேட்டிலும் இரு பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை. 2017 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வெளியானபோது உலகெங்கும் மருத்துவக் கல்வியாளர்கள் திகைத்தனர்.

திகைக்க வேண்டிய அவசியமில்லை. செவிலியருக்கு ஊசி போடத் தெரிகிறது. குளிர்பதனப் பெட்டியில் ஆக்ஸிடோசின் இல்லை. ரத்தம் தேவை என்று தெரிகிறது. ரத்த வங்கி தொலைதூர நகரத்தில் இருக்கிறது. மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிகிறது, ஆம்புலன்ஸ் வரவில்லை. கைத்திறன் என்பது சங்கிலியின் ஒரு கண்ணி மட்டுமே. பயிற்சியாளர் நேரில் வந்தே தேய்ந்துபோகும் திறன், செல்போனில் ஒரு முறை பார்த்த விடியோவால் நிலைத்துவிடும் என்று எந்த அரசும் எண்ணிவிடக் கூடாது.

ஆகவேதான், சிறிது சிறிதாக, அடிக்கடி, பணியிடத்திலேயே பயிற்சி அளிக்க வேண்டும் என்ற கொள்கை வலுப்பெற்றது. பிகாரில் 'அமானத்' என்ற பெயரில் நடந்த திட்டத்தில், செவிலியர்களே வழிகாட்டிகளாக ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் சென்றனர். உண்மை நெருக்கடி போன்ற ஒத்திகைகளை நடத்தி, அவற்றை விடியோவில் பதிந்து, முடிந்தவுடன் அனைவரும் அமர்ந்து அலசினர். இங்கே விடியோவின் பணி பாடம் சொல்வதல்ல, கண்ணாடி காட்டுவது. தன் கை எங்கே தயங்கியது, மருந்தைக் கேட்டபோது எவரும் பதில் சொல்லாமல் எத்தனை நொடிகள் கழிந்தன என்பதைச் செவிலியர் தாமே பார்க்கிறார். பிறர் செய்வதைப் பார்ப்பதைவிடத் தான் செய்ததைப் பார்ப்பது ஆழமான பாடம். ஆனால், அதற்கு உடன் அமர்ந்து பேசும் வழிகாட்டி ஒருவர் தேவை; அவருக்கு ஊதியமும் பயணப்படியும் தேவை.

மருத்துவமனை இல்லாத கல்லூரிகள்

உலக சுகாதார அமைப்பு 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட எண்ம சுகாதார வழிகாட்டு நெறியில் இது பற்றி ஐயத்துக்கு இடமின்றிக் கூறப்பட்டுள்ளது. செல்போன் வழிக் கல்வி, மரபான பயிற்சிக்குத் துணையாக அமைய வேண்டும். அதற்கு மாற்றாக அன்று. இந்த ஒரு வாக்கியத்தை இந்தியச் சூழலில் வைத்துப் படிக்கும்போது அது மருத்துவ அறிவுரையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அரசியல் எச்சரிக்கையாகவும் ஆகிறது.

காரணம், மத்தியப் பிரதேசம். அங்கே முறையான கட்டடமும் மருத்துவமனையும் இன்றிக் காகிதத்தில் இயங்கிய செவிலியர் கல்லூரிகள் குறித்த பொதுநல வழக்கில், உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 308 கல்லூரிகளை ஆய்வு செய்த சி.பி.ஐ., 169 கல்லூரிகள் தகுதியுடையவை என்றும், 74-இல் குறைபாடுகள் உள்ளன என்றும், 65 தகுதியற்றவை என்றும் அறிக்கை அளித்தது. 2024 மே மாதத்தில், சாதகமான அறிக்கைக்காக லஞ்சம் பெற்றதாகத் தனது அதிகாரிகளையே சி.பி.ஐ. கைது செய்ய நேர்ந்தது. அதன் பின்னர், தகுதியுடையவை எனப்பட்ட 169 கல்லூரிகளையும் நீதித்துறை அதிகாரிகள் உடனிருக்க, விடியோ பதிவுடன் மீண்டும் ஆய்வு செய்யுமாறு உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. கைத்திறன் கற்பிக்க வேண்டிய விடியோ, கல்லூரி என ஒன்று இருக்கிறதா என்பதற்குச் சாட்சியாகும் நிலை வந்தது.

செவிலியர் கல்லூரி தொடங்கக் குறைந்தது 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும் என்பது இந்திய செவிலியர் குழுமம் வகுத்த விதி. இவ்விதியை ஏய்க்க நினைக்கும் நிர்வாகங்களுக்கு, 'எங்கள் மாணவிகள் விடியோவில் கற்கிறார்கள்' என்ற வாதம் எத்தனை வசதியானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குழுமம் 2021-இல் அறிவிக்கை செய்த பட்டப்படிப்புப் பாடத்திட்டம், பொம்மைகளைக் கொண்ட ஒத்திகைப் பயிற்சிக்கும் சுகாதாரத் தகவல் தொழில்நுட்பத்துக்கும் முறையான இடம் அளித்தது. தில்லிக்கு அருகே குருகிராமில் தேசிய அளவிலான ஒத்திகைப் பயிற்சி மையம் ஒன்றும் குழுமத்தின் பங்களிப்புடன் அமைந்தது. இவை வரவேற்கத் தக்கவை. ஆனால், திரையில் பார்த்தல், பொம்மையில் பழகுதல், நோயாளியிடம் மேற்பார்வையில் செய்தல் என்பவை ஒன்றன்பின் ஒன்றாக ஏற வேண்டிய மூன்று படிகள். முதற்படியின் மணிக்கணக்கை மூன்றாம் படியின் மணிக்கணக்கில் எழுதிக்கொள்ள அனுமதித்தால் அது கல்வி மோசடியோடு நிற்காது. அதன் விலையைத் தருபவர் நோயாளி.

2023-24 பட்ஜெட்டில், 2014-க்குப் பிறகு தொடங்கப்பட்ட 157 மருத்துவக் கல்லூரிகளோடு இணைத்து 157 செவிலியர் கல்லூரிகள் அமைக்கப்படும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். ரூ. 1,570 கோடிச் செலவில் ஆண்டுதோறும் 15,700 பட்டதாரிச் செவிலியர்களை உருவாக்கும் அத்திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மருத்துவமனை அருகிலேயே இருப்பதால் படுக்கைப் பஞ்சம் இராது. அங்கே கற்பிக்க அனுபவமிக்க ஆசிரியைகள் எத்தனை பேர் கிடைப்பார்கள் என்பதுதான் கேள்வி. ஆசிரியை இல்லாத இடத்தைச் செல்போனால் நிரப்பும் ஆசை அங்கேதான் முதலில் எழும்.

எந்த மொழியில்?

தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய மற்றொரு கோணம், மொழி. பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆனால் துணைச் செவிலியரும், கிராமப்புறத்தில் பணியாற்றும் பலரும் தாய்மொழியில்தான் சிந்திக்கிறார்கள். 2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் ஹிந்தியில் மருத்துவப் பாடநூல்களை மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா வெளியிட்டபோது நாடெங்கும் காரசாரமான விவாதம் எழுந்தது. விடியோ விஷயத்தில் அத்தகைய மோதலுக்கே தேவையில்லை. கை செய்வதற்கு மொழி கிடையாது. அதே காட்சிக்குத் தமிழிலும், ஒடியாவிலும், சந்தாலியிலும் குரல் சேர்ப்பது ஒரு பாடநூலை மொழிபெயர்ப்பதைவிட எளிது, செலவும் குறைவு. மத்திய அரசின் பணத்தில் தயாராகும் எந்தப் பயிற்சி விடியோவும் எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் ஒரே நாளில் வெளியாக வேண்டும் என்று கோருவதற்கு மாநிலங்களுக்கு முழு நியாயம் உண்டு. ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வெளியிட்டு, மற்றவற்றைப் பிறகு பார்ப்போம் என்பது உயிர் காக்கும் பாடத்தில் ஏற்கத் தக்கதன்று.

மொழியோடு சேர்ந்தே எழுவது தரம். இணையத்தில் கிடைக்கும் நூற்றுக்கணக்கான செவிலியர் பாட விடியோக்களில் எது நடப்பு நெறிமுறைப்படி அமைந்தது, எது பழையது என்று மாணவியால் பிரித்தறிய இயலாது. மருந்தின் அளவு மாறிவிட்ட பின்னும் பழைய விடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். புத்தகத்துக்குப் பதிப்பு எண் உண்டு. வாட்ஸ்ஆப்பில் வரும் விடியோவுக்கு அது கிடையாது. தயாரித்த தேதியும், சரிபார்த்த அமைப்பின் பெயரும், காலாவதி நாளும் பொறிக்கப்படாத எந்த விடியோவையும் கல்லூரிகள் பாடமாக ஏற்கக் கூடாது என்று விதி வகுப்பது ஆணையத்தின் கடமைகளில் ஒன்றாக வேண்டும்.

நோயாளியின் முகம், செவிலியரின் பணம்

இனி, அந்த இரண்டாவது சட்டம். பிரசவ அறையில் எடுக்கப்படும் படம், உலகிலேயே மிக அந்தரங்கமான படங்களில் ஒன்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரத்தில் ஒருவரின் தரவை ஒப்புதலின்றிக் கையாள இடம் தருகிறது. ஆனால் சிகிச்சை அளிப்பது வேறு; கற்பிப்பதற்காகப் படம் பிடிப்பது வேறு. பின்னதற்குச் சுதந்திரமான, தெளிவான ஒப்புதல் தேவை. வலியில் துடிக்கும் பெண்ணிடம் கைநாட்டு வாங்குவதை எவரும் சுதந்திரமான ஒப்புதல் என்று கூற முடியாது. மேலும், தனிநபர் தமது சொந்தத் தேவைக்குக் கையாளும் தரவுக்கு இச்சட்டம் பொருந்தாது. செவிலியர் தமது சொந்த செல்போனில், தமது படிப்புக்காக எடுக்கும் படம் எந்த வகையில் சேரும்? 2025 நவம்பரில் அறிவிக்கை செய்யப்பட்ட விதிகளின் கீழ் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வரும் இத்தருணத்தில், இக்கேள்விக்கு மருத்துவமனைகளுக்குத் தெளிவான விடை வேண்டும். பாடத்துக்கான படங்கள் பொம்மையிலும், முன்கூட்டியே எழுத்து மூலம் இசைந்தவர்களிடமும் மட்டுமே எடுக்கப்பட வேண்டும் என்பதே பாதுகாப்பான வழி.

நோயாளியின் உரிமைக்கு அடுத்தது செவிலியரின் உரிமை. ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க 150 மணி நேரத் தொடர்கல்வி என்பது குழுமம் வகுத்த நெறி. அந்த மணி நேரங்கள் யாருடையவை? பன்னிரண்டு மணி நேரப் பணி முடித்து வீடு திரும்பி, சமைத்து, பிள்ளைகளை உறங்கவைத்த பிறகு, சொந்தச் செலவில் வாங்கிய இணையத்தில் விடியோ பார்ப்பது கல்வி என்றால், அது ஊதியமில்லாத கூடுதல் பணியும் ஆகும். தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் ஊதியம் குறித்து 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டதன் விளைவாக அமைந்த குழு, 50 படுக்கைகளுக்கும் குறைவான மருத்துவமனைகளில்கூட மாத ஊதியம் ரூ. 20,000-க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரைக்காகவே பல மாநிலங்களில் செவிலியர்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது.

கருவியும் சிறு விஷயமன்று. 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்து அங்கன்வாடிப் பணியாளர்கள், தங்களுக்கு அரசு தந்த செல்போன்கள் பழுதடைந்து, செயலியைத் தாங்க முடியாதவையாகிவிட்டன என்று கூறி அவற்றை அரசிடமே திருப்பிக் கொடுத்துப் போராடினர். தாமே பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கும் பெண்கள் நாட்டில் 54 சதவீதத்தினர்தான் என்பது ஐந்தாவது குடும்ப நல ஆய்வின் கணக்கு. செவிலியர் மாணவிகளில் ஏழைக் குடும்பத்திலிருந்து வரும் முதல் தலைமுறையினர் கணிசமானோர். செல்போன் இருந்தால்தான் பாடம் என்றாகும்போது, அது இல்லாதவர் வகுப்பறைக்குள் இருந்தபடியே வெளியேற்றப்படுகிறார். நூலகத்தில் புத்தகம் வைப்பதைப் போல, பயிற்சிக் கூடத்தில் விடியோக்கள் ஏற்றப்பட்ட கருவிகளை வைப்பது கல்லூரியின் பொறுப்பாக வேண்டும்.

கேட்கப்பட வேண்டிய கேள்வி

புதிய சட்டத்தின்படி பட்டக் கல்விக்கு ஒன்று, கல்லூரிகளை மதிப்பிட ஒன்று, ஒழுக்கநெறிக்கும் பதிவுக்கும் ஒன்று என மூன்று வாரியங்கள் ஆணையத்தின் கீழ் அமைய வேண்டும். இம்மூன்றின் அதிகாரத்துக்கும் உட்பட்டதுதான் செல்போன் வழிக் கல்வி. எத்தனை மணி நேரத்தைத் திரையில் கழிக்கலாம் என்று முதல் வாரியம் வரையறுக்க வேண்டும். படுக்கையருகே நடக்கும் பயிற்சி உண்மையில் நடக்கிறதா என்று இரண்டாம் வாரியம் நேரில் சென்று பார்க்க வேண்டும். நோயாளியின் படம் வெளியே சென்றால் யார் பொறுப்பு என்று மூன்றாம் வாரியம் எழுதிவைக்க வேண்டும். மாநிலங்களும் தத்தமது ஆணையங்களை அமைக்க வேண்டியிருப்பதால் இவ்விவாதம் தில்லியோடு முடிந்துவிடாது. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் லக்னௌவிலும் நடந்தாக வேண்டும்.

நாடாளுமன்றக் கேள்வி நேரத்தில் சுகாதாரத் துறை அமைச்சர்கள், பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கையைப் பட்டியலாகத் தாக்கல் செய்வது வழக்கம். எத்தனை பேர் செயலியைப் பதிவிறக்கினர், எத்தனை பேர் சான்றிதழ் பெற்றனர் என்ற கணக்கை அளிப்பது எந்த அமைச்சருக்கும் எளிது. ஓராண்டு கழித்து, எவ்வித முன்னறிவிப்பும் இன்றி ஒரு பொம்மையை முன்னே வைத்தால், அவர்களில் எத்தனை பேர் ஒரு நிமிடத்துக்குள் அதன் மார்பை எழும்பச் செய்தனர் என்பதை உறுப்பினர்கள் கேட்க வேண்டும். அந்தக் கணக்கைச் சேகரிக்கும் ஏற்பாடு இருந்தால்தான் விடியோவுக்குச் செலவிடும் பணத்துக்குப் பொருள் உண்டு.